தூக்கிய கை

மத்தியானம், சுள்ளென்ற வெயில். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த லீடரம்மா பாதிப் படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரோ குப்பையைக் கொட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

லீடரம்மா என்பது டீம் வைத்த பெயர். ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டீம். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. அதைக் கட்டி மேய்ப்பதில் அவள் கில்லாடி என்று மேலிடத்தில் பேச்சு. மீட்டிங்கில் அவளுக்கு ஒரே சட்டம்தான். எல்லோரும் மைக்கை அணைத்து வைக்க வேண்டும். பேச வேண்டுமானால் திரையில் 'கை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கை எழும்பும். அவள் சரி என்றால் பேசலாம்.

இப்போது அவள் தேடிப் போகும் வீட்டில் இருப்பவன் அந்தக் கையைத் தூக்கியது ஒரே ஒரு முறை. வாயே திறக்காததால் அவனுக்கு டீமில் 'அமைதி' என்று பெயர். அன்றைக்குப் பார்த்து அவள் சிடுசிடுவென்று இருந்தாள்.

"இப்ப நேரமில்லப்பா, கையை இறக்கு. அப்புறம் பேசிக்கலாம்."

கை இறங்கவில்லை. அடுத்த மீட்டிங்கிலும் அப்படியே நின்றது. அரட்டைப் பெட்டியில் யாரோ "கை வலிக்கலையா?" என்று எழுத, சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவளும் ஒன்று போட்டாள். வேலை மட்டும் அவனிடமிருந்து தினமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆள் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கும் அணையவில்லை.

அதனால்தான் அவன் அம்மா அவளுக்குப் போன் செய்து, "புள்ள போனையே எடுக்க மாட்டேங்கிறான், என்னாச்சும்மா?" என்று கேட்டபோது, "நல்லாத்தாம்மா இருக்கான், பச்சை விளக்கு எரியுதே" என்றாள். அந்த அம்மா படுத்த படுக்கை. எழுந்து வர முடியாது. விடாமல் அழுதாள். பக்கத்து ஊர்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று லீடரம்மா கிளம்பினாள்.

கூட ஏறி வந்த வாட்ச்மேன் கதவை நெம்பித் திறந்தார். நாற்றம் மூஞ்சியில் அறைந்தது.

"வேணாம்மா, உள்ள போகாதீங்க" என்று சொல்லி முடிக்கும் முன்பே படிக்கட்டில் வாந்தி எடுத்தார்.

அவள் போனாள்.

தரை பிசுபிசுத்தது. செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. மேஜைமேல் பூஞ்சை பிடித்த ரொட்டி, ஈ மிதக்கும் டீ. நாற்காலியில் அவன். அடியில் சொட்டிக் காய்ந்திருந்ததை ஒரு தடவை பார்த்ததே போதும் என்றாகிவிட்டது. முகம் முழுக்க ஈக்கள் அப்பிக் கிடந்தன.

வலது கை மட்டும் மேலே தூக்கியபடி நின்றது.

அது எதன்மேலும் சாய்ந்திருக்கவில்லை.

எதிரே திரை எரிந்துகொண்டிருந்தது. நடுவில் அவளுடைய படம், சிரித்த முகமாக.

போலீஸோடு வந்த டாக்டர், மாரடைப்பு, உயிர் போய் வாரக்கணக்கில் ஆகிறது என்றார்.

"நேத்துகூட வேலை அனுப்பினானே சார்?"

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலதிகாரிக்குப் போன் செய்தாள். "பாவம்தான்" என்றார் அவர். "ஆனா வேலை ஒழுங்காத்தானே வந்துச்சு? போலீஸ் குடுத்தா அந்த லேப்டாப்பைத் துடைச்சு எடுத்துட்டு வந்துருங்க." துடைச்சு என்ற சொல்லில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அதைவிடக் குமட்டியது, அன்று சாயங்காலம் அவளே சொன்ன பதில்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானாம்மா?" என்று அவன் அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணுமே சொல்லல."

பொய்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

அலுவலகம் அவன் பெயரை டீமிலிருந்து எடுத்துவிட்டது. திங்கட்கிழமை காலை வழக்கமான மீட்டிங். திரையில் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பெயரில்லாத ஒரு கறுப்புப் பெட்டி.

பக்கத்தில் மஞ்சள் கை.

"யாருப்பா இது?"

யாரும் பேசவில்லை. அவள் போட்ட சட்டம் அப்படி.

வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். கை போகவில்லை. மறுபடியும் அழுத்தினாள். போகவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"சொல்லுப்பா... கேக்கறேன்."

மஞ்சள் கை இறங்கியது.

முதலில் ஈக்களின் ரீங்காரம் கேட்டது. பிறகு அந்தப் படிக்கட்டு நாற்றம், அவளுடைய லேப்டாப்பின் விசைகளுக்கு நடுவிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. மூடிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

நீட்டிய வலது கை தானாக மேலே எழுந்தது.

இடது கையால் பிடித்து இழுத்தாள். இறங்கவில்லை. வாயைத் திறந்து கத்தினாள். அவளுடைய மைக் அணைந்திருந்தது.

திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கை எழும்பியது. அரட்டைப் பெட்டியில் யாரோ எழுதினார்கள்.

"லீடரம்மா, கை வலிக்கலையா?"

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழத் தொடங்கின.