விலாங்குக் கடையில் காணாமல் போன பானை

ஜனவரி 16, விடியற்காலை ஐந்தே முக்கால். ஏரிக்கரை விலாங்குக் கடையின் முதலாளி உசுயி கென்சாகு போலீசுக்குப் போன் செய்தார். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மண்பானையைக் காணோம். கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை. கத்திகள் அப்படியே இருந்தன. பானை மட்டும் போயிருந்தது, உள்ளே இருந்த சாறோடு.

விலாங்கு மீனைத் தணலில் சுடும்போது முக்கியெடுக்கும் சாறு அது. உசுயியின் தாத்தா காய்ச்சியது. குறையக் குறைய ஊற்றி, மூன்று தலைமுறையாக ஒரு நாளும் காலியாகாத பானை. கடை அன்றே கதவடைத்தது. திருடன் அகப்படவில்லை.

ஜூன் கடைசியில் அந்தப் பானை விவகாரம் எங்கள் மேசைக்கு வந்தது. குடும்ப நீதிமன்றத்தில் சமரசக்காரர்களாக இருந்தோம், தோமிதா இட்சுகோவும் நானும். வருகிறவர்கள் எங்களை மரியாதைக்குச் 'சென்செய்', அதாவது ஆசிரியரே, என்று கூப்பிடுவார்கள். நான் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன். தோமிதா முப்பது வருடம் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தவள். ஒரு பேருந்து நிறைய ஆட்களில் யார் பணப்பையைத் தொலைத்தவர் என்று முகம் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. இதை எழுத இப்போது நான்தான் மிச்சம். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உசுயியின் மனு சின்னது. விவாகரத்தான மனைவி சயோகோவிடம் வளரும் மகள் நகிக்கு மாதம் ஐம்பதாயிரம் யென் கொடுத்துவந்தார். பானை போனது, கடை போனது, வருமானம் போனது. இனி ஐயாயிரம்தான் முடியும்.

"இப்ப என்ன வேலை செய்யறீங்க?" தோமிதா கேட்டாள்.

"குளிர்க் கிடங்குல, சென்செய். உறைஞ்ச மீன் பெட்டி தூக்கறேன். உள்ள மைனஸ் இருபது. பஞ்சுக் கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டுதான் நிக்கணும்."

"வேற வேலை?"

"எதுவுமில்ல."

வெளியே வேகும் வெயில். அரசாங்கக் கட்டடத்தில் குளிர்சாதனம் பெயருக்குத்தான். உசுயி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வலது கையில் கரடி ரோமம். இடது முன்கை குழந்தை கன்னம் போல வழவழவென்று இருந்தது. சம்பளச் சீட்டெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்.

நான் அட்டவணையை விரித்தேன். மேலிருந்து கீழாகக் கொடுப்பவரின் ஆண்டு வருமானம். குறுக்கே, பிள்ளையை வளர்ப்பவரின் வருமானம். இரண்டு கோடும் சந்திக்கும் கட்டத்தில் மாதத் தொகை. கிடங்குச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் பத்தாயிரத்துக்கும் கீழே. அட்டவணை அவர் பக்கம்தான் பேசியது.

அவர் வெளியே போக, சயோகோ உள்ளே வந்தாள். பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலை பார்ப்பவள்.

"நகி ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் பகல் பள்ளிக்கூடம் வேண்டாமாம். பகல்ல மீன் ஆலையில வேலை, ராத்திரி பள்ளிக்கூடமாம். டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்றா, சென்செய். சிரிச்சுக்கிட்டே சொல்றா. அதான் தாங்கல."

"அந்தப் பானை இல்லாம உங்க பழைய வீட்டுக்காரர் விலாங்கு சுடுவாரா?" தோமிதா கேட்டாள்.

"அந்தாளா?" சயோகோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிலநடுக்கம் வந்தப்ப என்னைத் தூக்கல, பானையத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடினாரு. நான் மாசமா இருந்தேன்! இன்னொருத்தன் சாறுல முக்கறதுக்கு அவரு கையை வெட்டிக்குவாரு."

அடுத்த தேதி குறிக்க உசுயியைத் திரும்பக் கூப்பிட்டோம்.

"ஜூலை 25, செவ்வாய்க்கிழமை?" என்றேன்.

"அன்னிக்கு முடியாது." யோசிக்காமல் வந்தது பதில். "கிடங்குல லீவு தரமாட்டாங்க. 26, 27, எப்ப வேணாலும் வர்றேன்."

தோமிதா சுவர்க் காலண்டரை ஒரு நொடி பார்த்தாள். "சரி, 27."

படியில் இறங்கும்போது, "அட்டவணைதான் சொல்லிடுச்சே" என்றேன்.

"கனோ சான், நீங்க ரயிலையே பார்த்துப் பழகினவர். தண்டவாளம் போற பக்கமே போவீங்க."

ஜூலை 25. வருடா வருடம் போல நானும் வெயிலில் வரிசையில் நின்று விலாங்குச் சாதப் பெட்டி வாங்கினேன். பாதி ஊர் எனக்கு முன்னால் நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஜூலை 27, காலை பத்து மணி. உசுயி உட்கார்ந்ததும் தோமிதா கேட்டாள்:

"திருடன் பானையை எடுத்துட்டுப் போனான். உங்க கையையும் எடுத்துட்டுப் போனானா?"

"என்ன சென்செய்?"

"சம்பாதிக்கறதை மட்டும் இல்ல, சம்பாதிக்கக்கூடியதையும் நாங்க பார்க்கலாம். நீங்க இருபது வருஷம் விலாங்கு சுட்டவர்."

"பானை இல்லாம இந்தக் கை வெறும் கைதான்."

"அப்ப இடது கை முடி எங்க?"

உசுயி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். அதே வழவழப்பு, மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவந்த பொறிக் காயம்.

"விலாங்கு சுடும்போது வலது கை விசிறும். இடது கை தணல் மேல கம்பியத் திருப்பும், முடி பொசுங்கும். விட்டுட்டா சில வாரத்துல முளைச்சுடும். ஜனவரியில அடுப்பை அணைச்சவருக்கு ஜூன்லயும் இல்ல, இன்னிக்கும் இல்ல. பஞ்சுக் கோட்டுக்குள்ள, மைனஸ் இருபதுல, எந்த நெருப்பு சுட்டுச்சு?"

"அது... வீட்டுல அடுப்பு..."

"25-ஆம் தேதி கோடைக்கால எருது நாள். நாடே விலாங்கு சாப்பிடற நாள். மீன் பெட்டி தூக்கறவருக்கு மத்த நாளெல்லாம் லீவு கிடைக்குது, அன்னிக்கு மட்டும் கிடைக்கல. எங்கயோ சுட்டுக்கிட்டு இருந்தீங்க. மாசமா இருந்த பொண்டாட்டியை விட்டுட்டுப் பானையைத் தூக்கினவர் அடுத்தவன் சாறுல முக்கமாட்டார். அப்படின்னா நீங்க சுடற இடத்துலதான் பானையும் இருக்கு. திருடன் நீங்கதான், உசுயி சான்."

உசுயி இழுத்துவிட்ட சட்டைக் கையை மறுபடி மேலே மடித்தார்.

"அக்கரையில நண்பனோட விடுதி. விடியக்காலையில கிடங்கு, அது முடிஞ்சு பகல்லயும் சாயங்காலமும் அங்க. பணம் கையிலயே தந்துடுவான். ரெண்டு வருஷம் சேர்த்தா புதுக் கடை போடலாம்னு நினைச்சேன். அப்புறம் நகிக்கு மொத்தமா கொடுத்துடலாம்னு..."

"நகிக்கு இப்ப பசிக்குது. ரெண்டு வருஷம் கழிச்சுப் போடற சோத்தை இப்ப சாப்பிட முடியுமா?"

தோமிதா அட்டவணையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தக் கட்டமெல்லாம் எப்படி வந்துச்சு தெரியுமா? பிள்ளை உங்க வீட்டுலயே இருந்தா எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போட்டு, அதை ரெண்டு பேர் வருமானத்துக்கும் ஏத்த மாதிரி பிரிச்சிருக்காங்க. நீங்க சாப்பிடற தட்டுல அவளுக்குப் பங்கு. மிச்சத்துல இல்ல."

பிறகு அடுத்த தாளை எடுத்து வைத்தாள். பதினைந்து வயதுக்கு மேல் பிள்ளையின் செலவு கூடும். அதற்கு அட்டவணையே வேறு. செப்டம்பரில் நகிக்குப் பதினைந்து. உசுயி விடுதி வருமானத்தையும் சேர்த்துச் சொன்னார், இந்த முறை குறைக்காமல். கட்டத்தைத் தேடியது அவருடைய விரல்தான். அறுபதாயிரத்தைத் தாண்டியதில் போய் நின்றது.

"ஐயாயிரம் கேட்டு வந்தேன்" என்று முனகினார்.

"போலீசுக்கும் போகணும் நீங்க. பொய்ப் புகார் கொடுத்திருக்கீங்க. நாங்க சொல்றதைவிட நீங்களே போய்ச் சொல்றது நல்லது."

போனார். அதற்கு முன் புதிய தொகைக்குச் சம்மதித்தார், நீதிபதி முன்னால் ஒப்பந்தமும் ஆயிற்று.

சயோகோவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தலைதெறிக்கப் படிக்கட்டுக்கு ஓடிப் போனை எடுத்தாள். நாங்களும் ஓடாத குறையாகப் பின்னால் போனோம்.

"நகி! உடனே டீச்சர்கிட்ட போ. ராத்திரிப் பள்ளிக்கூடம் இல்லன்னு சொல்லு. சொன்னதை வாபஸ் வாங்கிக்கோ, கேக்குதா?"

போனில் அந்தப் பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"வாபஸ் வாங்க ஒண்ணுமில்லம்மா. டீச்சர்கிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல."