ஏரிப் பாலத்தில் நிற்கும் ரயில்

தாமோதரன் மூச்சிரைக்க வந்து நின்றபோது மார்கரெட் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காணாமல்போன நங்கூரம் முதல் காணாமல்போன மாப்பிள்ளை வரை அவள் கண்டுபிடித்துக் கொடுத்தவை, குறைத்துச் சொன்னாலும், ஆயிரத்து நானூறு தேறும். வலையில் சிக்கிய திருக்கை மீன்கூட அவளைப் பார்த்தால் உண்மையைக் கக்கிவிடும்.

"சிஸ்டர், என் ரயிலை ஒருத்தி நிறுத்துறா!"

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று தாமோதரன் தன் வீட்டுப் பின்னறையில், பதினாலடிப் பலகைமேல், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை தானே பாதை போட்டுவிட்டார். கட்டைவிரல் அகலத் தண்டவாளம், குட்டியாக ஓர் ஏரிப் பாலம், கொசுவலையைக் கத்தரித்துச் செய்த மீன்வலைகள், அரிசிமணி அளவில் இறால். இறாலுக்கு மீசைகூட வைத்திருந்தார்.

"ஒரு மாசமா தினம் காலைல ஏரிப் பாலத்துக்கிட்ட எஞ்சின் செத்துடுது. மதியானம் யாரும் ரிப்பேர் பண்ணாமலே நல்லா ஓடுது. ரூம் பூட்டியிருக்கு, சாவி என் இடுப்புல. எல்லாம் மருமவ வளர்மதி வேலை. அந்த ரூம்ல தொட்டில் கட்டலாமானு கேட்டா, மாட்டேன்னுட்டேன். நேத்து பையன் மோகன்குமாருக்கே போன் போட்டு, உன் பொண்டாட்டிதான்டானு சொல்லிட்டேன். அவ இப்போ பத்து மணி பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. அதுக்குள்ள நிரூபிச்சுடுங்க."

"காந்தம்!" என்று குதித்தான் மார்கரெட்டின் கணவன் சாம்சன். "பலகைக்கு அடியில காந்தம் வெச்சிருக்கா!"

"யோவ், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்க. மொதல்ல அதைப் பாரு" என்றாள் மார்கரெட் கை கழுவியபடி.

வீட்டில் ஏழு மாத வயிற்றோடு வளர்மதி மோர் கொண்டுவந்து வைத்தாள். காலடியில் கட்டிய பை. கண்கள் சிவந்திருந்தன.

"உப்பு பத்தலைன்னா போட்டுக்கங்க ஆன்ட்டி. ஸ்பூன் ஒட்டிக்கும், பாத்து. இந்த மாசம் பூரா காலைல உப்பு தண்ணியா கசியுது. வெயில் ஏறினாத்தான் உதிரும்."

மார்கரெட் உப்பு ஜாடியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

தகரக் கூரை. ரயில் பொன்னேரியிலிருந்து ஜம்மென்று கிளம்பி, வயல்களைத் தாண்டி, பாலத்தை நெருங்கியதும் முனகி நின்றது. சாம்சன் பலகைக்கு அடியில் புகுந்து, ஊரிலுள்ள ஒட்டடை முழுவதையும் தலையில் சுமந்து வெளியே வந்தான். காந்தம் இல்லை.

"பாலத்துக்கிட்ட மட்டும் தனி வயரா?"

"ஆமா சிஸ்டர். தனி வயர், தனி கன்ட்ரோல்."

"மத்த இடத்துல ஜல்லி கறுப்பா இருக்கு. இங்க வெளுப்பா இருக்கே?"

தாமோதரனின் மார்பு அரை முழம் விரிந்தது. "அது கடையில வாங்கினது. இது அசல் ஏரிக்கரை மணல்! போன மாசம் நானே அள்ளி, நானே சலிச்சு ஒட்டினேன்."

"கழுவினீங்களா?"

"கழுவுறதா! ஏரி நெறம் போயிடாது?"

மார்கரெட் ஒரு சிட்டிகையைச் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"அய்யோ, விஷமா?" என்றான் சாம்சன்.

"உன் மீன்குழம்பைவிட தேவலை." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "வளர்மதி, தலை காய வைக்கிற மெஷின் இருக்கா?"

கட்டிய பை அவிழ்ந்தது. பத்து நிமிஷம் பாலத்தோரம் முழுக்கச் சூடான காற்று. பிறகு ஸ்விட்சைப் போட்டதும் ரயில் பாலத்தைக் கடந்து பழவேற்காட்டில் போய் நின்றது. வரலாற்றிலேயே சரியான நேரத்துக்கு வந்த ரயில் அதுதான்.

எல்லாரையும் உட்காரவைத்து மார்கரெட் நிதானமாகச் சொன்னாள்:

"ஆள் செஞ்ச வேலைன்னா மதியானம் தானா சரியாவாது. காலைல கெட்டு வெயில்ல சரியாவுறது ஈரம். அந்த ஈரம் பொன்னேரிப் பக்கம் ஒண்ணும் பண்ணலை, இங்க மட்டும் பண்ணுது. அப்போ வித்தியாசம் மணல்லதான். நம்ம ஏரி மணல்ல உப்பு இருக்கு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உப்பு நனைஞ்சா, கரெண்டு மணல் வழியாவே குறுக்க போயிடும். எஞ்சினுக்கு மிஞ்சாது. தகரம் சூடாகி மணல் காஞ்சதும் ஓடும். மணலைக் கொண்டாந்தது யாரு?"

தாமோதரன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நான்தாம்மா வளர்மதி. என்னை மன்னிச்சுடு" என்றார்.

"எனக்குச் சொன்னது சரி மாமா. அவருகிட்ட யாரு சொல்லுவா?"

தெருவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. யாரும் எழவில்லை. தாமோதரன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் மோகன்... உன் பொண்டாட்டி இல்லடா. நான்தான்."

"இன்னா நைனா? சரியா கேக்கலை."

"நான்தான்டா தப்பு!"

"இப்போ கேட்டுச்சு நைனா."

"இன்னொருவாட்டி சொல்லுங்க மாமா" என்றாள் வளர்மதி, பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபடி. "எனக்குச் சரியா கேக்கலை."