ஏழாம் மேஜைக்கு ஒரு சூப்!

டிர்ர்ர்ட்!

ஆர்டர் பிரிண்டர் நாக்கை நீட்டியது.

குட்டி மாஸ்டரின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எடுக்காதே என்றது மனசு. கை எடுத்துவிட்டது.

'மேஜை 7. மூடி சூப் - 1.'

அதற்குக் கீழே, சாப்பிட வந்தவரின் குறிப்புக்கான இடத்தில் ஒரே ஒரு வரி.

'இதுல ஒண்ணுமே இல்ல.'

மூன்றாவது நாள்! அதே ஒன்று நாற்பது மணிக்கு! அதே வரி!

அந்த வரியைச் சொன்னவர் பெரிய மாஸ்டர். கேட்டவன் குட்டி மாஸ்டர். அப்போது அந்தச் சமையலறையில் மூன்றாவது ஆள் கிடையாது.

சொன்னவர் செத்து இன்றோடு பன்னிரண்டு நாள்...

அது சின்ன ரெஸ்டாரண்ட். மொத்தம் ஏழே மேஜை. மசித்த உருளைக்கிழங்கு, சுட்ட கோழி, சீஸ் மக்ரோனி... எல்லாம் வீட்டில் சாப்பிடுகிற அயிட்டங்கள்தான். இங்கே மட்டும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு தட்டில் வந்து உட்காரும்!

"தம்பி! நாலாம் மேஜைக்குக் கோழி ஆச்சா?"

கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தாள் அண்ணி. பெரிய மாஸ்டரின் மனைவி.

"அண்ணி... இப்ப ஏழாம் மேஜைக்கு நீங்க ஆர்டர் போட்டீங்களா?"

"என் கையைப் பாரு. ரெண்டுலயும் தட்டு. மூக்காலயா போடுவேன்?"

"இல்ல... சீட்டு வந்துச்சு..."

"நேத்தும் இதையே கேட்டே. முந்தாநாளும் கேட்டே. எங்க, சீட்டைக் காட்டு பாப்போம்."

அவன் திரும்பி, சீட்டை அடுப்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினான்.

அந்தப் பிரிண்டரில் மை கிடையாது. காகிதத்தில் ஒரு பூச்சு இருக்கும். சூடு பட்ட இடம் கறுக்கும். அந்தக் கறுப்புதான் எழுத்து. முழுச் சீட்டுக்கும் சூடு காட்டினால்? முழுச் சீட்டும் கறுத்துவிடும். எழுத்து அதற்குள்ளேயே காணாமல் போய்விடும்.

மூன்று நாளும் அவன் அதைத்தான் செய்தான்.

"வெறும் கறுப்புச் சீட்டு அண்ணி. மெஷின் கோளாறு."

"சரி விடு. சாயங்காலம் சாவியைக் கையில கொடுத்துடறேன். இனிமே இந்தச் சமையல்கட்டு உன்னோடது. வாசல் போர்டுலயும் உன் பேருதான்."

பதினாறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை!

சாயங்காலம் வரை தாங்கினால் போதும்...

"அதுக்கு முன்னாடி ஒரு மூடி சூப் போடு. போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருக்காங்க. அவர் கேஸ் ஃபைலை முடிக்க உன் கையெழுத்து வேணுமாம். இப்பதான் வந்து உட்கார்ந்தாங்க. இன்னும் ஆர்டர்கூட எடுக்கல."

"எ... எந்த மேஜைல?"

"காலியா இருந்தது ஏழுதானே?"



பக்கத்தில் ஸ்டோர் ரூமுக்கு இறங்கும் கதவு. உள்ளே பதினான்கு படி. பன்னிரண்டு நாளாக அந்தக் கதவை அவன் தொடவில்லை. உருளைக்கிழங்கு எடுக்கக்கூட அண்ணியைத்தான் அனுப்புகிறான். அடுப்புகள் அணைந்து ரெஸ்டாரண்ட் அமைதியாகும் நேரத்தில் கீழேயிருந்து யாரோ ஒவ்வொரு படியாக ஏறி வருவது போல...

சூப்பைக் கவனி!

கப்பில் காளான் சூப். மேலே வெண்ணெய் மாவை மெல்லியதாகத் தேய்த்து, தோல் மாதிரி ஒட்டி மூட வேண்டும். பதினோரு நிமிஷம் ஓவனில். சூப்பின் ஆவி வெளியே போக வழியில்லாமல் மாவை உப்பவைக்கும். துளி வாசனை கசியாது. சாப்பிடுகிறவர் கரண்டியால் மூடியை உடைக்கும்போது மொத்தமும் முகத்தில் வந்து மோதும்!

வாசனைதான் அந்த சூப்பின் உயிர். மூன்று மாசம் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்தது.

பெரிய மாஸ்டர் இருந்தவரை அது மெனுவில் ஏறவில்லை. ஏறி மூன்று நாள்தான் ஆகிறது.

அவனே கப்பை எடுத்துக்கொண்டு போனான்.

சீருடையில்லாமல், மடியில் நாப்கினை விரித்து உட்கார்ந்திருந்தாள் இன்ஸ்பெக்டர்.

"உட்காருங்க. நாப்பத்திரண்டு வயசாகுது... இன்னுமா குட்டி மாஸ்டர்?"

"சாயங்காலம் வரைக்கும்தான் மேடம்."

அவள் மூடியை உடைத்தாள். ஒரு வாய் குடித்தாள். ஃபைலைத் திறந்தாள்.

"உங்க வாக்குமூலம். படிக்கறேன். 'அன்னிக்குக் காலைல மாஸ்டர் எதையும் ருசி பாக்கல. கீழ ஏதோ தீயற வாசனை வருதுன்னு சொல்லிட்டு ஓடினார். படியில கால் தவறிட்டார்.' சரிதானே?"

"சரிதான் மேடம்."

"வாசனை வருதுன்னுதான் சொன்னாரா?"

"அண்ணன் மூக்கு அப்படி மேடம்! நாலு தெரு தள்ளி பால் பொங்கினாலும் இங்கேருந்து சொல்லிடுவார்!"

பின்னால் சிரிப்புச் சத்தம். அண்ணி!

அழுகையைவிட பயங்கரமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"பதினாலு மாசமா அவருக்கு எந்த வாசனையும் தெரியாது தம்பி."

"எ... என்ன அண்ணி?"

"ஒரு காய்ச்சல். மூக்கோட நரம்பு போயிடுச்சு. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மத்த ருசியெல்லாம் மூக்கு போடற கணக்குதான். வெளிய தெரிஞ்சா யாரு வருவாங்க? அதான் அவர் தராசு வச்சு சமைச்சார். நான் ருசி பாத்துச் சொன்னேன்."

"டாக்டர் சீட்டு என்கிட்ட இருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர், இன்னொரு வாய் குடித்துவிட்டு. "நீங்க சொன்னது பொய்னு மொத நாளே தெரியும். ஏன் சொன்னீங்கன்னுதான் தெரியல."

நாப்கினைத் தூக்கினாள். மடியில் ஆர்டர் எடுக்கும் குட்டித் திரை!

"இன்னிக்கு ஆர்டர் போட்டது நான். முந்தின ரெண்டு நாளும் உங்க அண்ணி."

"அந்த வரி...? அது எப்படி உங்களுக்கு..."

"என் காபியைக் குடிச்சாலும் அதையேதான் சொல்வார்," என்றாள் அண்ணி. "தினமும். உனக்கும் சொல்லியிருப்பாரோன்னு ஒரு சந்தேகம். உன்மேல தப்பில்லன்னா 'இது என்ன அண்ணி கூத்து'ன்னு சீட்டை எடுத்துட்டு வந்து நின்னிருப்பே. நீ மூணையும் அடுப்புல வச்சுக் கருக்கிட்டே."

நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு மாசம் மேடம்! தூங்காம செஞ்சேன்! படி ஓரமா நின்னு ஒரே ஒரு வாய் குடிச்சார். 'இதுல ஒண்ணுமே இல்ல'ன்னார். ஒண்ணுமே இல்லையாம்! பொறாமைன்னு நெனச்சேன்... பதினாறு வருஷம் என்னைக் குட்டியாவே வச்சிருந்த மனுஷன்... கை தானா நீண்டு தள்ளிடுச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"திட்டினார்னு நெனச்சேனே அண்ணி... அவர் தன் குறையைச் சொல்லியிருக்கார்..."

"ஆமா," என்றாள் அண்ணி. "உன்னைத் தள்ளிவைக்கல. உன்கிட்ட மட்டும்தான் வெளிய சொல்ல ஆரம்பிச்சார். நீ முடிக்க விடல."

வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள்.

எழுந்தவன், தயங்கினான். கப்பைப் பார்த்தான். காலி. அடியில் ஒரு சொட்டுகூட இல்லை.

"மேடம்... கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சூப் எப்படி இருந்துச்சு?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பலமாகச் சீந்தினாள்.

"எனக்கு மூணு நாளா செம ஜலதோஷம், குட்டி மாஸ்டர். ஏதோ... சூடா இருந்துச்சு!"