ஒலி திரும்பாத மூலை

ஸ்பீக்கர் கடைக்காரர் ஹாலின் நடுவில் நின்று கை தட்டினார். ஒரு தட்டு, உடம்பைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு தட்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு வீட்டுக்குள் வந்ததும் செய்கிற முதல் காரியம் அது. சுவரில் பட்ட ஒலி எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அறைக்கு எந்தப் பெட்டி தோதுப்படும் என்று சொல்வார்கள். விவரம் தெரியாதவன் பார்த்தால் சோபாவுக்குப் பாராட்டு விழா நடக்கிறது என்று நினைத்துக்கொள்வான். ஜன்னல் பக்கம் தட்டினார், ஒலி சுருக்கென்று திரும்பியது. கதவுப் பக்கமும் அப்படியே. வலது மூலையைப் பார்த்துத் தட்டியபோது மட்டும் போன ஒலி போனதுதான்.

“டாக்டர், அந்த மூலையில என்ன வச்சிருக்கீங்க?”

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். இரண்டு சுவரும் ஒரு தரையும் சந்திக்கிற இடம். வேறு ஒன்றும் இல்லை. ஒட்டடைகூட இல்லை, அந்த விஷயத்தில் அவர் மனைவி ரொம்பக் கறார்.

மூலை என்றால் பேஸ் என்கிற கனத்த ஒலி தேங்கி லாரி உறுமுவதுபோல உறும வேண்டும், இது பஞ்சு மூட்டை அடுக்கிய மாதிரி இருக்கிறதே என்று கடைக்காரர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, எதுவானாலும் அதிர்ஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை இறக்கினார். ஒன்று அலமாரியில் உட்காரும் சின்ன ஜோடி. இன்னொன்று இடுப்பு உயரத்துக்குத் தரையில் நிற்கும் பெரிய ஜோடி. போட்டுக் கேட்டுப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சாதாரணமாக இந்த அளவு ஹாலுக்குச் சின்னதுதான் சரி. மூலை இப்படி இருப்பதால் பெரியதும் தாங்கும்.

டாக்டருக்கு வேண்டியிருந்தது பெரியதுதான். பகலெல்லாம் பிறர் வாய்க்குள் மிஷினை விட்டுக் குடைந்து, அந்தக் கீச்சொலி காதிலேயே குடியேறிவிட்ட மனிதர். அதைக் கழுவிவிட, அவர் பிறப்பதற்கு முன்னாலேயே தோள்வரை முடி வளர்த்த நான்கைந்து பேர் மின்சாரக் கித்தாரும் டிரம்ஸுமாகப் போட்ட கூச்சலால்தான் முடியும் என்று நம்பினார். இரண்டும் ஒரே சத்தம்தானே என்பாள் மனைவி.

அவள் டீச்சர். ஊரும் அப்படித்தான் கூப்பிடும், டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளிக்கூட இரைச்சலிலிருந்து வீடு திரும்பினால் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சத்தமில்லாத ஒரு இடம். ஆனாலும் அவர் பாட்டுக் கேட்கும்போது சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். கண்ணாடிக் காப்பித் தம்ளரில் அவள் ஸ்பூன் கிண்கிண் என்று சுற்றும். உலகத்து ஸ்பூன்களையெல்லாம் வரிசையாக ஆட்டினாலும் அவள் ஸ்பூனைத் தனியாகக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவர் நண்பர்களிடம் பீற்றிக்கொள்வதுண்டு. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவருக்கு அவளை விட்டால் வேறு யாருமில்லை.

முதல் நாள் மாலை பெரிய ஜோடியைப் போட்டார். வலதுபக்கப் பெட்டி அந்த மூலையில். டிரம் விழுந்தபோது நெஞ்செலும்பில் விழுந்தது. கித்தார்க் கம்பியில் விரல் வழுக்கும் உரசல், பாடுகிறவன் வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, எல்லாம் கேட்டது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அதே ரிகார்டு, அதே பெட்டி. மூலை லாரிபோல உறுமியது.

எழுந்து போய்த் தட்டிப் பார்த்தார். மூலை கணீரென்று திருப்பியது. விட மனமில்லாமல் ஹால் முழுக்கத் தட்டிக்கொண்டே நடந்தார். அறையின் நடுப்பக்கமாக, புத்தக அலமாரிக்கு முன்னால், ஒரு ஆள் அகலத்துக்குத் தட்டு செத்து விழுந்தது. அங்கே ஈரக் கம்பளியை நாள்பட மடித்து வைத்த வாடை லேசாக அடித்தது. முழங்காலிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழம்வரை தட்டிப் பார்த்தார். அவ்வளவு உயரம் இருந்தது.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஆனால் நல்ல ஒலியின் ருசி கண்டவனுக்குப் புத்தி வேறு தினுசாக வேலை செய்யும். ஒலியை விழுங்குகிற பொருள் கேட்பவனின் முதுகுக்குப் பின்னால் இருப்பது உத்தமம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். எனவே சோபாவை இழுத்து, அந்த இடம் தனக்கு நேர் பின்னால் வரும்படி போட்டுக்கொண்டார்.

அன்று கேட்டதுபோல ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் பாட்டு முழுக்கப் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. ரசனையால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிரம்ஸ் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் முதுகுப் பக்கத்துக் காற்று ஒரு சாண் கிட்டே வந்ததுபோல இருந்தது. பாட்டு முடிந்த மறு நொடி தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். உள்ளங்கைகள் மோதியது தெரிந்தது. காதுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

டீச்சர் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். “என்னங்க, சோபாவ இங்க போட்டது நல்லதாப் போச்சு. இந்தக் கோடியில உக்காந்தா உங்க சத்தமே கேக்கல. காதப் பொத்தி வச்ச மாதிரி நிம்மதியா இருக்கு.”

அவர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். அவள் தம்ளரில் ஸ்பூன் சுற்றிக்கொண்டிருந்தது. கிண்கிண் இல்லை.

இடம் மாறி உட்காரச் சொன்னார். எதற்கு என்றாள். சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? கை தட்டினால் சத்தம் வரவில்லை என்றா? வருகிற நோயாளிகளும் வராமல் போய்விடுவார்கள். அவர் எதையோ முணுமுணுக்க, அவள் சிரித்துவிட்டுத் தாள்களுக்குத் திரும்பினாள்.

மறுநாள் மதியம் முடிவு கேட்கக் கடைக்காரர் வந்தார். பழக்க தோஷம், வந்ததும் தட்டினார். மூலையைப் பார்த்து ஒரு தட்டு. சோபாவைப் பார்த்து ஒரு தட்டு. டீச்சரின் கோடிக்கு மேலே கையை நீட்டியவர், கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டார். கையைப் பேன்ட்டில் துடைத்தார். வண்டியில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து படியிறங்கினார். தெருமுனையிலிருந்து போன் வந்தது.

“டாக்டர், பெரிசு வேணாம். சின்னதையே வச்சுக்குங்க. இல்ல, அதுவும் வேணாம். கொஞ்ச நாளைக்கு எதையும் போடாதீங்க.”

விலை அதிகமானதை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை டாக்டர் முதன்முதலாகக் கேட்கிறார். பஞ்சு வைத்த மாதிரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

“பஞ்சு நகராது டாக்டர்.”

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் கிளினிக்குக்குப் போகவில்லை. ஒயர்களைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரை மூடி, பெரிய பெட்டிகளை வாசற்கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பாட்டுக்குத்தான் அது கிட்டே வருகிறது, பாட்டில்லாவிட்டால் போய்விடும் என்பது அவர் கணக்கு. டீச்சர் நனைந்து வந்து, தலை துவட்டி, காப்பித் தம்ளரும் தாள் கட்டுமாகத் தன் கோடியில் உட்கார்ந்தாள். அப்பாடா, இன்றைக்குக் கச்சேரி இல்லையா என்றாள். அவர் நிற்கிற இடத்துக்கு அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர் தட்டத் தொடங்கினார்.

மூலை. திரும்பியது. அலமாரி. திரும்பியது. ஜன்னல், கதவு, சோபாவின் முதுகுப்புறம். எல்லாம் கணீரென்று திரும்பின. கம்பளி வாடையும் இல்லை. அலமாரியில் சாய்ந்துகொண்டார். போய்விட்டது. ஹால் சுத்தம். மழை ஒவ்வொரு துளியாகக் காதில் விழுந்தது.

“டீச்சர்,” என்றார். “இனிமே எந்தக் கோடியில வேணாலும் உக்காந்துக்கோ.”

அவள் நிமிர்ந்தாள். உதடு அசைந்தது.

ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி, அவரைப் போலவே தட்டிக் காட்டினாள். ஒரு தட்டு. இன்னொன்று. உள்ளங்கைகள் சேர்ந்தன, பிரிந்தன. சத்தமில்லை. தன் கைகளைப் பார்த்தாள். வேகமாகத் தட்டினாள். சிரிப்பு நின்றது. மடியிலிருந்து தாள்கள் சரிந்தன. சரசரப்பு இல்லை. தம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. இல்லை.

அவர் ஓடினார். முதல் அடி தொம்மென்று கேட்டது. இரண்டாவது பாதிதான் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. மழையும் நின்றுபோயிற்று, ஜன்னலில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவள் பெயர் சொல்லிக் கத்தினார். தொண்டை கிழிந்தது தெரிந்தது.

ஈரக் கம்பளி.

அவள் வாய் திறந்தது. திற, இன்னும் திற என்று ஆயிரம் வாய்களிடம் கெஞ்சியவர் அவர். எவரும் அவ்வளவு திறந்ததில்லை. கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. அவரே அடைத்த பல். அதற்கும் பின்னால் உள்நாக்கு, அடிபடும் மணிபோலத் துடித்தது.

அவள் இரண்டு காதுகள்மேலும் ஈரக் கூந்தல் படிந்து அமுங்கியிருந்தது. அவள் கைகள் இன்னும் முன்னால், அவரை நோக்கித் தட்டிக்கொண்டே இருந்தன. அமுங்கிய இடத்தில், ஒவ்வொன்றாக, நீளமாக, விரல்களின் பள்ளம் விழுந்தது.