முப்பத்தொன்றாம் எண் அச்சு

"எனக்கு மறதி வந்துடுச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். நீங்க இல்லைன்னு சொன்னா சந்தோஷம். ஆமான்னு சொன்னாலும் பரவாயில்லை. தெரிஞ்சா போதும்."

கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இப்படிச் சொன்ன அம்மாள், செயற்கைக் கால் செய்பவர். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறார். அவர் தேடி வந்தது டாக்டரை அல்ல, கணினி பழுதுபார்ப்பவரை. அதிலேயே அவருக்குள் ஒரு சின்ன நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

கணினி பழுதுபார்ப்பவருக்கு ஊர் முழுக்க ஒரே பெயர்தான்: அண்ணி. கணவரின் தம்பி கடையில் உதவிக்கு வந்து, நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் அதுவே நிலைத்துவிட்டது. அந்தத் தம்பிக்கும் ஒரு பெயர் உண்டு. நாற்பத்திரண்டு வயதாகியும் நின்று நிதானித்து ஒரு வேலை செய்யாததால் அவன் அவசரம்.

"என்ன மறக்குது?" என்றார் அண்ணி.

"காலை அளவெடுத்துக் கணினியில போட்டா, கால் உட்கார்ற கிண்ணத்தோட வடிவத்தை அது நாலு மணி நேரம் கணக்குப் போட்டுத் தரும். காலையில தொடங்கிட்டுப் பின்னறைக்கு அச்சு வார்க்கப் போவேன். திரும்பி வந்து பார்த்தா எதுவுமே ஓடலை. தொடங்கின அடையாளமே இல்லை. ஆனா தொடங்கினதா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவர் நிறுத்தினார். "முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. போன வாரம் ரெண்டு நாள் தொடர்ந்து. கால்குலேட்டரைத் திறந்து வச்சதா நினைப்பேன், இருக்காது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

வெள்ளிக்கிழமை ஒரு தபால்காரருக்குக் கால் தரவேண்டும், ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. அதே வெள்ளிக்கிழமை, பட்டறையைத் தங்கையிடம் ஒப்படைப்பதாக ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்கப்போகிறார். கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி.

"கணினி எப்படி?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை. மூணு மாசத்துக்கு முன்னாடி இழு இழுன்னு இழுத்துச்சு. தானா சரியாப்போச்சு. இப்ப நான்தான் இழுக்கறேன்."

அண்ணி அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை மதியம் அண்ணியும் அவசரமும் பட்டறைக்குப் போனார்கள். சுண்ணாம்பு வாசனையும் பிசின் வாசனையும் கலந்த நீண்ட அறை. சுவர் நெடுக அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாகக் கால் அச்சுகள், ஒவ்வொன்றின் கீழும் தெளிவான கையெழுத்தில் எண். அண்ணி வேடிக்கை பார்ப்பதுபோல் நடந்துபோனார். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மற்ற இடங்களில் அச்சுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"அது உடைஞ்சுபோச்சு," என்றது ஒரு குரல். அம்மாளின் கணவர் கையில் சாப்பாட்டு டப்பாவும் அக்குளில் ஒரு மடிக்கணினியுமாக வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற நூலகர். எண் ஒட்டியது அவர்தான். "அதுக்காக அந்த இடத்துல இன்னொண்ணை வைக்க முடியுமா? முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுதான்."

"இடத்துக்கு அவ்வளவு கஷ்டம், இவர் உடைஞ்ச காலுக்கு மரியாதை பண்றார்," என்றாள் அம்மாளின் தங்கை. பேச்சில் சலிப்பு இருந்தாலும் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி, அக்காவுக்கு முதலில் பரிமாறினாள்.

அண்ணி தன் சின்ன நிரல் ஒன்றைக் கணினியில் ஏற்றினார். அவசரம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இது என்ன பண்ணும் அண்ணி?"

"காவல் காக்கும். இந்த மெஷினுக்குள்ள எந்தெந்த வேலை ஓடுது, அதுக்கு என்ன நம்பர், எப்பப் பிறந்தது, எவ்வளவு நினைவகம் சாப்பிடுது, எப்பச் செத்துது, எல்லாத்தையும் குறிச்சு வைக்கும். அதைக் கேட்டுச் சொல்றதுக்குன்னே யாரோ முன்னாடியே எழுதி வச்ச நிரல் தொகுப்பு, லைப்ரரின்னு சொல்வாங்க, ஒண்ணு இருக்கு. நான் நாலு வரிதான் எழுதினேன்."

மறுநாள் காலை தங்கை போன் செய்தாள். காவல் நிரல் ஓடிக்கொண்டிருந்த கறுப்பு ஜன்னலைத் திரையில் காணோம் என்றாள். அவசரம் ஓடிப்போய்க் காவல் நிரலை மறுபடி ஓடவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பினான்.

"குற்றவாளி நம்மளைக் கண்டுபிடிச்சுட்டான் அண்ணி. காவலாளியையே தீர்த்துக் கட்டிட்டான்."

"எத்தனை மணிக்கு?"

"கடைசிக் குறிப்பு ஒன்பது பதினாலு. நிமிஷத்துக்கு ஒண்ணு குறிக்குது."

"அப்ப ஒன்பதேகாலுக்குச் செத்திருக்கு," என்றார் அண்ணி. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு நான்கு பேரையும் கணினியின் முன்னால் உட்கார வைத்தார் அண்ணி. அம்மாள், கணவர், தங்கை, அவசரம். அம்மாளின் கையில் அந்தக் கடிதம் இருந்தது.

"முதல் விஷயம்," என்றார் அண்ணி. "உங்களுக்கு மறதி இல்லை. செவ்வாய்க்கிழமை நீங்க கணக்கைத் தொடங்கினது ஒன்பது ஐம்பத்திரண்டு. அது செத்தது சரியாப் பத்து மணி. நேத்து தொடங்கினது பதினொண்ணு ஏழு. செத்தது பதினொண்ணேகால். ரெண்டு தடவையும் நீங்க தொடங்கியிருக்கீங்க. யாரோ கொன்னிருக்காங்க."

 அம்மாளின் கையிலிருந்து கடிதம் நழுவித் தரையில் விழுந்தது.

அவசரத்துக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. "யாருன்னு நான் சொல்றேன் அண்ணி. பட்டறை யாருக்குப் போகுது?" என்று தங்கையைப் பார்த்தான்.

"நேத்து பதினொண்ணேகாலுக்கு நான் ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குக் கால் மாட்டிட்டிருந்தேன்," என்றாள் தங்கை. "எனக்கு இந்தப் பட்டறையைத் தனியா நடத்தற ஆசையும் இல்லை. அக்கா இல்லாம எனக்கு இங்க என்ன வேலை?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அவசரம் தன் செருப்பைப் பார்த்தான்.

"தம்பி, செத்தவங்க யார் யாருன்னு பாரு," என்றார் அண்ணி. "கால் கணக்கு, கால்குலேட்டர், நம்ம காவலாளி. மூணுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கொன்னவனுக்குக் கால் மேல பகை இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கொல்லலை. எல்லாமே கால் மணி, அரை மணி, முழு மணி. மனுஷன் இப்படி மணி அடிச்ச மாதிரி வரமாட்டான், மறதியும் வராது. அப்ப இது ஒரு நிரல். தேடினேன். தினமும் காலையில மெஷினைத் திறந்த அதே நிமிஷத்துல பிறக்கற ஒரு சின்ன வேலை இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை கண் முழிக்கும், மறுபடி தூங்கிடும்."

"யார் எழுதினது?" என்றாள் தங்கை.

"அம்மா, உங்க மெஷின் தானா சரியாப்போச்சுன்னு சொன்னீங்க. முப்பது வருஷத்துல தானா சரியான கணினியை நான் பார்த்ததில்லை. அளவெடுக்கற கேமராவோட ஒரு புதுப்பிக்கற நிரல் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுதான் மெஷினை இழுத்தது. யாரோ அதைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. நிறுத்தினா அது வேற நம்பர்ல மறுபடி வரும். மறுபடி நிறுத்தியிருக்காங்க. ஒவ்வொரு நம்பரையும் தேதி போட்டு, காரணம் போட்டு ஒரு பட்டியல்ல ஏத்தியிருக்காங்க. நானூத்திப் பன்னிரண்டு நம்பர். ஒண்ணைக்கூட அப்புறம் அடிச்சு நீக்கலை."

அறையில் எல்லோரும் நூலகரைப் பார்த்தார்கள்.

"அவரா இருக்க முடியாது அண்ணி," என்றான் அவசரம். "நான் அன்னைக்கே கவனிச்சேன். அவர் மடிக்கணினி வேற வகை. அதுல எழுதினது இங்க எப்படி ஓடும்?"

"சாதாரணமா ஓடாதுதான். ஆனா நான் சொன்ன லைப்ரரிக்கு எல்லா மெஷினும் ஒண்ணு. அங்க எழுதி, ஒரு எழுத்தும் மாத்தாம இங்க கொண்டு வந்து வைக்கலாம். அப்படித்தானே ஐயா?"

நூலகர் எழுந்து நின்றார். வகுப்பில் பெயர் கூப்பிட்ட பையனைப்போல் நின்றார்.

"அவ திட்டிக்கிட்டே காத்திருப்பா. பார்க்கச் சகிக்கலை," என்றார். "ஒரு தடவை நான் சுத்தம் பண்றேன்னு அவளோட படங்களை அழிச்சுட்டேன். அதுலேருந்து மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதான் சொல்லாம... ஆனா நான் அந்தத் தொல்லையை மட்டும்தான் நிறுத்தச் சொன்னேன். தடை பண்ணின நம்பர் மறுபடி வந்தா, வாசல்லயே நிறுத்துன்னு எழுதினேன். வேற யாரையும் தொடலையே."

"நூலகத்துல ஒரு புத்தகம் தொலைஞ்சா, அந்த நம்பரை இன்னொரு புத்தகத்துக்குக் கொடுப்பீங்களா?"

"எப்படிக் கொடுப்பாங்க? ஒரு தடவை கொடுத்தா அது அதுக்குத்தான்."

"கணினி கொடுக்கும் ஐயா. ஒரு வேலை செத்ததும் அதோட நம்பரை எடுத்து அடுத்தது யார் வந்தாலும் கொடுத்துடும். நேத்து தொல்லை குடியிருந்த நம்பர்ல இன்னைக்கு இவங்க கால் கணக்கு குடிவரும். நீங்க கதவு நம்பரைப் பார்த்தே ஆளைக் காலி பண்ணியிருக்கீங்க. பட்டியல் வளர வளர, மாட்டற வேலையும் அதிகமாச்சு. அதனாலதான் அம்மாவோட மறதி மாசத்துலேருந்து வாரத்துக்கு வந்தது. காலியா இருந்த அந்த முப்பத்தொண்ணாம் இடத்தைப் பார்க்காட்டி, நான் இன்னும் தேடிக்கிட்டிருப்பேன்."

நூலகருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாக மனைவி இரவில் தூங்காததை அவர் அறிவார். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சியதும் அவர்தான்.

"நான் உன்னை..." என்று தொடங்கினார்.

அண்ணி கணினிப் பக்கம் திரும்பி, அந்த நிரலில் ஒரு வரியைச் சேர்த்தார். நம்பர் மட்டும் பார்க்காதே, பிறந்த நேரத்தையும் சேர்த்துப் பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அதே ஆள். "உங்க நிரலைத் தூக்கிப் போடலை ஐயா. நல்ல நிரல்தான்," என்றார். அம்மாள் தபால்காரரின் கணக்கைத் தொடங்கினார். மணி பன்னிரண்டு எட்டு. அதன் எண்ணைப் பார்த்து அவசரம் பட்டியலைப் புரட்டினான்.

"அண்ணி, இந்த நம்பர் பட்டியல்ல இருக்கு."

"இருக்கட்டும்."

பன்னிரண்டேகால் வரை ஒருவரும் அசையவில்லை. பன்னிரண்டு பதினாறு. கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கை குனிந்து அந்தக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

அம்மாள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். ஓரம் மடங்கியிருந்தது. கணவர் கையில் கொடுத்தார். வீட்டு முகவரி, ஒரு போன் நம்பர், அதன் கீழே பெரிய எழுத்தில்: 'சாப்பாட்டு டப்பா கொண்டு வருபவர் உன் கணவர். நல்லவர். பயப்படாதே.'

நூலகர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மறந்துபோற அன்னைக்கு வேணும்னு எழுதி வச்சேன்," என்றார் அம்மாள். "நீங்க வச்சுக்குங்க. அட்டை பத்திரப்படுத்தறது உங்க வேலைதானே. இனிமே என் மெஷின்ல கை வைக்கலாம். ஆனா சொல்லிட்டு வைங்க."

அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு டப்பாவைத் திறந்து, எல்லோருக்கும் சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார்.