பூட்டில்லாத பெயர்

மலைநாட்டு ஊரான திகனயிலிருந்து ஹுன்னஸ்கிரிய பக்கம் ஏறும் பாதையில், ஒரு வளைவுக்கு மேலே இருந்தது அந்த வீடு. ஓடெல்லாம் பாசி பிடித்த பழைய வீடு. கட்டாரில் வேலை செய்யும் ஹலீம் அதை மலிவாகக் கிடைக்கிறதென்று படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டான். பெப்ரவரி மாதத்தில் ஒரு காலை, அவனுடைய மனைவி பாயிஸாவும் மகள் அனீஸாவும் லொறியில் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். பாயிஸா பாடசாலை ஆசிரியை. எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகே நம்புகிறவள். கேட்டுத் தூணில் இருந்த ஆணி ஓட்டைகளை அவள்தான் முதலில் கண்டாள்.

"இத்தனை ஆணியா? என்னத்தத் தொங்கப்போட்டாங்க இதுல?"

கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த வடிவம்மா பதில் சொன்னாள்.

"பேர்ப் பலகைங்க டீச்சர். இது ராஜலிங்கம் ஐயா வீடு. எம்பத்தி மூணு கலவரத்துல அவரு தன்னோட பலகையக் கழட்டிட்டு, ஒரு சிங்களப் பேரை எழுதி வாங்கி மாட்டினாரு. எழுதிக் குடுத்தவன் அவரோட ஒரே மேசையில சாப்பிட்டவன். அவனே ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்தான்."

"பொறகு?"

வடிவம்மா வீட்டைப் பார்த்தாள். "உள்ளயே முடிஞ்சுபோச்சுங்க. சுவருக்குப் பூசிட்டாங்க, இப்ப கரி தெரியாது."

பாயிஸா அந்தக் கதையை அனீஸாவின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். தூணில் 'ஹலீம் மன்ஸில்' என்ற புதுப் பலகை ஏறியது. ஹலீம் ஆசைப்பட்டதால் வீட்டு வைஃபைக்கும் அதே பெயரை ஆங்கில எழுத்தில் அனீஸா வைத்தாள். அந்த வளைவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. தொலைபேசி லைனில் வரும் இணைப்பு ஒன்றுதான் ஹலீமையும் அவர்களையும் சேர்த்து வைத்திருந்தது. அதுவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாயிஸா சிரித்து முடித்த பிறகுதான் அங்கே அவன் சிரிக்கத் தொடங்குவான். "டேட்டாவ வீணாக்க வாணாம், மாசம் முடியுமட்டும் அது காணணும்" என்று மகளை ஏசாமல் அவன் அழைப்பை வைத்ததில்லை.

அடுத்த மாதம் திகனயில் கலவரம் மூண்டு, முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.

புகை மலையேறி வந்து ஜன்னல் சீலைகளில் ஒட்டிக்கொண்டது. ரப்பரும் மண்ணெண்ணெயும் அரிசியும் சேர்ந்து கருகிய வாடை. பாயிஸா விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பேர்ப் பலகையைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். ஊரடங்கு போட்டார்கள். வாட்ஸப்பையும் முடக்கினார்கள். அனீஸா போனில் ஏதோ ஒரு செயலியைப் போட்டு அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய் வாப்பாவைப் பிடித்தாள். "ஒவ்வொரு மணித்தியாலமும் பேசுங்க, சத்தம் கேட்டாத்தான் எனக்கு உயிர்" என்று ஹலீம் அழுதான். அவன் அழுகையும் பிந்தித்தான் வந்தது.

அன்று மத்தியானம் அனீஸாவுக்குத் தோழியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. படித்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"உம்மா, அவனுகள் றோட்டால போனைப் பிடிச்சிட்டு நடக்கிறானுகளாம். எந்த வீட்டு வைஃபைக்கு என்ன பேர் எண்டு பாக்கிறானுகளாம்."

பாயிஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பலகையைத்தானே கழற்றினாள்? தெருவில் நின்று போனைத் திறக்கிற எவனுக்கும் அந்த வீடு தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

"நிப்பாட்டிப் போடு மகள்."

"நிப்பாட்டினா வாப்பா? சத்தம் இல்லாட்டி அவர் அங்க பைத்தியமாகிடுவார். பேர மாத்துவோம்."

அனீஸா ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பழைய பெயரை அழித்து 'SAMPATH' என்று ஒரு சிங்களப் பெயரைத் தட்டினாள். எழுத்து எழுத்தாகப் பாயிஸா பார்த்துக்கொண்டிருந்தாள். ரவுட்டர் அணைந்து, மறுபடி பச்சையாக மினுங்கியது. போனில் பெயர் வந்தது.

RAJALINGAM.

"இது என்ன விளையாட்டு?" பாயிஸா மகளை ஏசினாள். அனீஸா அல்லாஹ் மேல் ஆணையிட்டாள். தனக்கு அப்படியொரு ஆளையே தெரியாதென்றாள். அது உண்மை என்பது பாயிஸாவுக்குத்தான் தெரியும். இரண்டாம் தடவை அவளே தட்டினாள். பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

RAJALINGAM.

பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் சின்னப் பூட்டும் இல்லை. யாரும் உள்ளே வரலாம் என்று திறந்து கிடந்தது.

வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன.

சீலையின் ஓரத்தை விரலால் நகர்த்திப் பாயிஸா பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர், கையில் பொல்லுத்தடிகள், ஒரு மண்ணெண்ணெய்க் கேன். முன்னால் நின்ற பொடியன் போனை உயர்த்திப் பிடித்து வாசித்தான். அவர்களுடைய சிங்களப் பேச்சு அவளுக்கு நன்றாக விளங்கியது. தமிழ்ப் பெயர் என்றான் பொடியன். அப்படியானால் விடு, நமக்கு வேண்டியது வேறு வீடு என்றான் இன்னொருவன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நரைத்த தலையோடு ஒரு கிழவன் முன்னுக்கு வந்தான். என்ன பெயர் என்று கேட்டான். பொடியன் சொன்னான்.

கிழவன் தன் போனை எடுத்துப் பார்த்தான்.

நிறைய நேரம் பார்த்தான்.

பிறகு தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பாயிஸா வேறெந்த மனிதனிடமும் கண்டதில்லை. மற்றவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். "சோமே அய்யே, வாங்க" என்று அண்ணன் முறை வைத்துச் சிங்களத்தில் கூப்பிட்டார்கள். அவன் காதில் அது விழவில்லை. கேட்டைத் திறந்தான். யாரோ கையைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி, விருப்பமில்லாத கால்களை வைத்து வைத்து வந்தான். விறாந்தைக்கு ஏறினான். சுவர் மறைத்துவிட்டது.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, கதவு தட்டப்படுவதற்குக் காத்திருந்தார்கள்.

கதவு தட்டப்படவில்லை.

தக்.

வீட்டுக்கு உள்ளேயிருந்து வந்தது சத்தம். பின்னறைப் பக்கம். யாரோ பலகையில் ஆணி அடிக்கிறார்கள்.

தக். தக்.

"உம்மா," அனீஸா மூச்சாகச் சொன்னாள், "பின்னறையில நாங்க ஒருத்தரும் இல்லியே."

சத்தம் நின்று நெடுநேரம் கழித்துத்தான் பாயிஸா எழுந்து போய்ப் பார்த்தாள். பின்னறையில் யாருமில்லை. விறாந்தையிலும் யாருமில்லை. கேட்டின் கொண்டி உள்பக்கமாகப் போடப்பட்டிருந்தது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு வடிவம்மா வந்தாள். வந்தவள் கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"போர்டு எழுதுற சோமபாலவக் காணோமாம் டீச்சர். இந்தப் பக்கம் வந்ததுதான் கடைசியாம். அன்னைக்கு ராஜலிங்கம் ஐயாவுக்குப் பலகை எழுதிக் குடுத்தானே, அவந்தான்."

பொலிஸ் வந்தது. பாயிஸா கண்டதைக் கண்டபடி சொன்னாள். வீட்டையும் காணியையும் கிணற்றையும் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாட்ஸப்பும் திரும்பி வந்தது. ஹலீம், போன உயிர் திரும்பிவந்தவனைப் போலப் பேசினான். ஆனால் பாதி அழைப்பில் இணைப்பு அறுந்தது. மாதத்துக்கு உள்ள டேட்டா முழுக்கத் தீர்ந்திருந்தது.

"நான் ஒண்டும் பாக்கல்ல உம்மா," என்றாள் அனீஸா. கணக்கைத் திறந்து பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். "இதெல்லாம் நாங்க இறக்கினதில்ல. இங்கயிருந்து வெளிய போனது. இரவு பகல் ஓயாம யாரோ என்னத்தையோ அனுப்பிட்டே ஈக்கிறாங்க."

"ஆரெல்லாம் இதுல ஈக்கிற எண்டு பாரு."

அனீஸாவின் போன். பாயிஸாவின் போன். மூன்றாவதாக ஒன்று, ஆங்கில எழுத்தில்: 'சீயா'. சிங்களத்தில் தாத்தா.

பாயிஸா புதிதாக ஒரு கடவுச்சொல் போடச் சொன்னாள். போட்டதும் அவர்களுடைய போன்கள் இரண்டும் கழன்று விழுந்தன. சீயா மட்டும் அசையவில்லை. அந்தச் சின்னப் பெட்டியின் அலை கேட்டைத் தாண்டிப் பத்தடி போகாது. அப்படியானால் அந்தப் போன் எங்கே இருக்கிறது? அதை வைத்திருக்கிறவன் எங்கே இருக்கிறான்? பாயிஸா ஓடிப்போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். லைனையும் பிடுங்கினாள். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருந்த சாக்குக்குள், பலகையோடு போட்டுக் கட்டினாள். பின்னேரமே தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று உடுப்புகளை அடுக்கி, வீட்டைப் பூட்டிக்கொண்டு அனீஸாவோடு வெளியே வந்தாள்.

அப்போதுதான் கேட்டில் ஒரு பெண்பிள்ளை நின்று கூப்பிட்டது. பதினைந்து வயதிருக்கும். கையில் கிழவனின் படம் போட்ட துண்டுக் காகிதங்கள்.

"அன்ட்டி, எங்க சீயா. கண்டா சொல்லுங்க." தெரிந்த தமிழைக் கோர்த்துக் கோர்த்துப் பேசியது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. பாயிஸாவுக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் வந்த அதே நெஞ்சில் பயமும் ஏறியது.

"சீயா ஒன்லைன்லதான் இருக்கார் அன்ட்டி. ராவும் பகலும் ஒன்லைன். எடுத்தா மட்டும் பேசல்ல." பிள்ளை போனை நீட்டிக் காட்டியது. "பாருங்க. இப்பவும்."

"இங்க சிக்னல் இல்லியே மகள்," என்றாள் பாயிஸா. "உங்கட போன் எதில வேலை செய்யுது?"

பிள்ளை திரையைப் பார்த்தது. "வைஃபை. தானாச் சேர்ந்திட்டு. பூட்டில்லத்தானே." பிறகு ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி, "ரா… ஜ…" என்று வாசிக்கத் தொடங்கியது.

போன் மணியடித்தது.

"சீயா!" பிள்ளை கத்திக்கொண்டு விரலை இழுத்தது. திரை முழுக்க இருட்டு. மூவரும் குனிந்து காது கொடுத்தார்கள்.

பாயிஸாவின் முதுகுக்குப் பின்னால், பூட்டிய வீட்டுக்குள்ளே, தக்.

ஒரு மூச்சு நேரம் பிந்தி, பிள்ளையின் கையில் இருந்த போனில், தக்.