ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம்

காலை 9.20. சஜிதா சுட்ட ஐந்து குண்டுகளும் இலக்குத் தாளில் மூலைக்கொன்றாக விழுந்தன. புதுக் குழல் மாட்டிய இதே துப்பாக்கி, போன சனிக்கிழமை ஐந்தையும் ஒரு நாணயத்துக்குள் அடக்கியது. மதியம் ஒரு மணிக்கு மாகாண அணித் தேர்வு.

புவாண்ட்-கிளேர் நகருக்கு அப்பாலிருந்த அந்தச் சுடுகளத்தில் எல்லோரும் றொபின்சனைத்தான் பார்த்தார்கள். கழகத்தின் துப்பாக்கி திருத்துபவர்; குழலை மாட்டியவர் அவர். சஜிதாவோடு போட்டியிடும் அன்டன் மட்டும் ஒரு தோட்டாப் பெட்டியோடு ஓடிவந்து, இந்தக் குட்டைக் குண்டைப் போட்டால் சரிவரும் என்றான்.

களப் பொறுப்பாளர் வசுமதி, பொறியியல் பேராசிரியை. அதன் பிறகுதான் அவள் போய்த் தாளை எடுத்துவந்தாள். துளைகள் வட்டமாக இல்லை, நீளமாகக் கிழிந்திருந்தன. குண்டுகள் புரண்டு, பக்கவாட்டில் மோதியிருக்கின்றன.

"றொபின்சன், குழலுக்குள்ள முறுக்கு எவ்வளவு?"

"ஏழு அங்குலத்துக்கு ஒரு சுத்து, அக்கா. சஜிதா போடுற நீளக் குண்டுக்கு அந்தச் சுழற்சி வேணும்."

"நேத்து ராத்திரி துப்பாக்கி எங்க இருந்தது?"

கழகத்துப் பெட்டக அறையில். சாவி றொபின்சனிடம் ஒன்று, அன்டனிடம் ஒன்று.

வசுமதி இறுக்கமாகத் துணி சுற்றிய துடைப்புக் கம்பியைக் குழலுக்குள் தள்ளினாள். குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய வரிகளோடு கம்பி சுழன்றது. ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு அங்குலம்.

"இது அந்தக் குழலே இல்ல."

அன்டன் சிரித்தான். "அப்ப றொபின்சன் அண்ணை மாத்திப்போட்டார்."

"தாளை நான் கொண்டுவர்றதுக்கு முன்னாடியே பெட்டியோட வந்தீங்க, அன்டன். காத்தா, கை நடுக்கமான்னு யாருக்கும் தெரியல. குட்டைக் குண்டுதான் மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முறுக்குக் குறைந்த குழலில் குட்டைக் குண்டுதான் நேராகப் போகும். அந்தக் குழலை மாட்டியவனுக்கே அது முன்கூட்டித் தெரியும். குட்டைக் குண்டால் சஜிதா ஓரளவு சுட்டுவிட்டால் யாரும் குழலைச் சோதிக்க மாட்டார்கள் என்று அன்டன் நம்பியிருந்தான்.

அவனுடைய துப்பாக்கியும் அதே வகை. வசுமதி அதற்குள்ளும் கம்பியை விட்டாள். ஏழு அங்குலம். சஜிதாவின் புதுக் குழல்.

றொபின்சன் ஏற்கெனவே பட்டறை மேசைக்கு நடந்துகொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு, தன் குழல் திரும்பக் கிடைத்த துப்பாக்கியால் சஜிதா மூன்று முறை சுட்டாள். தாளில் ஒரே துளை.

தேர்வுப் பட்டியலில் அன்டனின் பெயரை அடிக்க வசுமதி பேனாவை எடுத்தாள். சஜிதா தடுத்தாள்.

"அவரும் சுடட்டும், அக்கா. அவற்ற சொந்தக் குழலோட."